உதிர்ந்த நெல் யாருடையது

சம்பா அறுப்பு முடிந்த கழனியில் யார் முதலில் இறங்குவது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு வரிசை இருந்தது. கடைசிக் கட்டு வரப்பேறியதும் கதிர் பொறுக்கும் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் மாடு. அதற்கும் பின்னால் வாத்து. வாத்துக்காரர்கள் வருஷம் தவறாமல் வருவார்கள். ஏரிக்கரையில் வலையைத் தடுப்பாகக் கட்டித் தங்கி, நீளக் கழியை வைத்துக்கொண்டு கழனி கழனியாக மேய்த்துப் போவார்கள். வாத்து இறங்கிய இடத்தில் பொறுக்க ஒரு மணி மிஞ்சாது. நிலத்துக்காரருக்கு வாத்துக்காரர் பணமோ முட்டையோ கொடுப்பார். பொறுக்குகிற பெண்கள் ஒன்றும் கொடுப்பதில்லை. அதனால் பக்கத்து ஊரில் வாத்து தென்பட்டது என்று சேதி வந்தாலே என் ஆயாவுக்கு இருப்புக்கொள்ளாது.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டைப் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். இன்றைக்கு அந்தச் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் ரோட்டைக் கடக்கவே தைரியம் வேண்டும். நான் சொல்வது எண்பதுகளின் கதை. ஏரியில் தண்ணீர் நின்றால் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் பேச்சில் இருக்கும். கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு. எங்கள் வீடு காலனியில். நிலம் கிடையாது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதை ஒட்டி 1892-ல் அரசு ஆணை போட்டுப் பஞ்சமி நிலம் ஒதுக்கியது. நமக்கும் அப்படி ஒரு துண்டு இருந்தது என்று ஆயா சொல்வாள். எங்கே என்று கேட்டால் கையை மேற்கே வீசுவாள். காகிதத்தை யாரும் பார்த்ததில்லை.

கதிர் பொறுக்குவது குனிந்து எடுப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்க்காதவர்கள். விடிந்தும் விடியாமல் போக வேண்டும். பனி ஈரத்தில் கதிரைத் தொட்டால் மணி உதிராது. வெயில் ஏறிவிட்டால் எடுக்கும்போதே கொட்டும். அறுத்த தாள் காலைக் கிழிக்கும். ஆயா முழங்காலுக்கு மேல் புடவையைச் செருகி, முந்தானையை மடியாகக் கட்டிக்கொள்வாள். வலது கை எடுக்கும். இடது கை காம்புகளை ஒரே பக்கமாக அடுக்கும். ஒரு பிடி சேர்ந்ததும் ஒரு தாளாலேயே அதைச் சுற்றிக் கட்டி மடியில் போடுவாள். அவள் நேர்கோட்டில் நடக்கவே மாட்டாள். கட்டு கட்டிய இடம், கட்டைத் தூக்கித் தலையில் வைத்த இடம், வரப்பு ஏறும் மூலை — நெல் அங்கேதான் கிடக்கும் என்பது அவள் கணக்கு. சின்னப் பெண்கள் கழனி நடுவில் அலைந்துகொண்டிருக்க, அவள் மூலை மூலையாக நின்றே மடியை நிரப்பிவிடுவாள். கடைசியில் கட்டு போட்ட இடத்தை மண்ணோடு கூட்டி அள்ளுவாள். வீட்டில் அண்டாத் தண்ணீரில் அதைக் கொட்டினால் கருக்காய் மிதக்கும், மண் கரையும், நெல் அடியில் நிற்கும்.

அந்த நெல்லை அவள் கூலி நெல்லோடு கலந்ததே இல்லை. கூலி நெல் குதிருக்குப் போகும். பொறுக்கியது தனிப் பானைக்கு. அந்தப் பானையில் அம்மாகூடக் கை வைக்க முடியாது. வெற்றிலை பாக்கு, கோழிக்குஞ்சு, எனக்கு ஒரு ரப்பர் வளையல், ஆடியில் கூழுக்கு அவள் பங்கு, எல்லாம் அந்தப் பானையிலிருந்துதான். ஏன் தனியாக வைக்கிறாய் என்று கேட்டதற்கு, "கூலி அவங்க அளந்து குடுக்கறது. இது நான் குனிஞ்சு எடுத்தது" என்றாள்.

இதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. கட்டு நிற்கும்போது கழனியில் கால் வைக்கக் கூடாது. தாளில் நிற்கிற கதிரை ஒடிக்கக் கூடாது. கீழே கிடப்பது மட்டும்தான். அறுக்கிறவர்களும் காலனிப் பெண்கள்தான் என்பதால், பின்னால் வரப்போகிறவள் தன் அத்தையோ நாத்தனாரோ என்றால் கை கொஞ்சம் தளரும். நிலத்துக்காரருக்கு அது தெரியும். தெரிந்தும் வேறு பக்கம் பார்க்கிறவர் நல்லவர் என்று பெயர் வாங்கினார். சிலர் அப்படிப் பார்ப்பதில்லை. ஒருவர் தன் வீட்டுப் பிள்ளைகளையே இறக்கிப் பொறுக்க வைத்துவிட்டு அப்புறம்தான் எங்களை விடுவார். அவர் கழனிக்கு ஆயா போக மாட்டாள். வாத்து தின்னட்டும் என்பாள்.

எல்லோருக்கும் பின்னால் இருளர்கள் வருவார்கள். வரப்பில் எலி வளையைக் கண்டுபிடித்து, சட்டியில் வைக்கோலைக் கொளுத்திப் புகை ஊதி, எலியைப் பிடித்து, வளையையும் வெட்டுவார்கள். எலி சும்மா இருப்பதில்லை. முற்றிய கதிராகக் கடித்துக்கொண்டு போய் உள்ளே அடுக்கி வைத்திருக்கும். எங்களுக்கு உதிர்ந்தது, அவர்களுக்கு எலி ஒளித்தது. நிலமில்லாதவர்களுக்குள்ளும் ஒரு வரிசை இருந்ததை அப்போது நான் கவனித்ததாகச் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. நான் ஆறாம் வகுப்புக்குப் போனதும் ஆயாவோடு கழனிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் என்னைப் பார்த்து, பொறுக்கி என்று கத்திவிட்டு ஓடினான். ரௌடிப் பையன்களைத் திட்டுகிற வார்த்தை. ஆனால் அவன் அதை ஒரு பெண்ணிடம் சொன்னபோது அர்த்தம் அப்படியே கழனிக்குப் போய்விட்டது. தமிழில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதே சொல்தான். பொறுக்கி எடுத்த முத்து என்கிறோம். முத்துக்குப் பெருமை, எடுத்தவளுக்கு வசை.

காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படித்தபோது ஆங்கில வினாத்தாளில் ஒரு கேள்வி வந்தது. ஒரு பத்தியைக் கொடுத்துவிட்டு, இதிலிருந்து நீங்கள் என்ன 'கிளீன்' செய்கிறீர்கள் என்ற மாதிரி கேட்டிருந்தார்கள். தமிழ் வழியில் படித்து வந்த எங்களுக்குக் காதில் விழுந்தது ஒரே கிளீன்தான். பத்தியில் இருக்கிற பிழைகளைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள் என்று பாதி வகுப்பு எழுதியது. விரிவுரையாளர் சிரித்துவிட்டு, பலகையில் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதி, இது வேறு, தகவல் திரட்டுவது என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனார். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். சுத்தம் செய்வதும் பொறுக்குவதும் ஒரே எழுத்தில் இருப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளிக்கூட வேலைக்கு வந்த பிறகு மூர் மார்க்கெட் பக்கம் வாங்கிய ஒரு தடித்த பழைய அகராதியில்தான் மீதிப் பாதியைப் படித்தேன். முதல் அர்த்தமே, அறுவடை முடிந்த வயலில் அறுப்பவர் விட்ட கதிரைப் பொறுக்குதல். பழைய பிரெஞ்சின் 'கிளெனே' வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்கு முந்தியது பிற்கால லத்தீனின் 'கிளென்னாரே'. அதையும் தோண்டினால் ரோமானியர்கள் வருவதற்கு முன் பிரான்சு நிலத்தில் பேசிய கெல்டிக் மொழியில் போய் நிற்கும் என்கிறார்கள். லத்தீன் இலக்கியச் சொல்லை விட்டுவிட்டு, உழுதவர்கள் பேசிய சொல் தங்கியிருக்கிறது. தகவலைப் பொறுக்குவது என்ற அர்த்தமும் புதிதல்ல, பதினான்காம் நூற்றாண்டிலேயே உண்டு. லத்தீனில் 'லெகெரே' என்றால் பொறுக்குவது. வாசிப்பதற்கும் அதுவே சொல். ஜெர்மன்காரர்கள் இன்றும் திராட்சை பறிப்பதற்கும் புத்தகம் படிப்பதற்கும் 'லேசன்' என்ற ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் இந்தச் செயல் நூலகத்துக்குள் ஏறிப்போயிருக்கிறது. அகராதியை மூடிவிட்டு அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் கதையைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் காலனியில் பாதி வீடுகள் சர்ச்சுக்குப் போகிறவை. அறுப்பின் பண்டிகை அன்று ஐயர் ரூத்தின் கதையைச் சொல்வார். புருஷனை இழந்த ரூத், மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, போவாஸ் என்பவரின் வயலில் வாற்கோதுமைக் கதிர் பொறுக்குகிறாள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, உதிர்ந்ததை எடுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்று லேவியராகமம் விதித்திருந்தது. போவாஸ் ஒரு படி மேலே போய், அவளுக்காகக் கட்டிலிருந்தே கொஞ்சம் உருவி விடுங்கள் என்று வேலைக்காரர்களுக்குச் சொல்கிறார். ஆயா சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய் மலிவாகக் கிடைக்கும் என்று வருவாள். கதையைக் கேட்டுவிட்டு, "அவன் எதுக்கு உருவி உடச் சொன்னான்னு எனக்குத் தெரியாதா" என்றாள். கடைசியில் போவாஸ் ரூத்தைக் கட்டிக்கொள்கிறார் என்பதால் ஆயாவின் சந்தேகத்தைச் சும்மா ஒதுக்கவும் முடியாது. ரூத் ஒரே நாளில் ஒரு எப்பா சேர்த்தாள், அதாவது இருபது லிட்டருக்கு மேல், என்பதை மட்டும் அவள் நம்பவே இல்லை.

பிரான்சில் 1554-ல் அரசாணையே ஏழைகள் கதிர் பொறுக்க இடம் கொடுத்தது. மில்லே 1857-ல் வரைந்த ஓவியத்தில் குனிந்திருக்கும் மூன்று பெண்களில் ஒருத்தி, பொறுக்கிய பிடியை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பாள். ஆயாவின் இடது கையும் அப்படித்தான் போகும். ஓவியத்தின் தொலைவில் மலைபோலக் கதிர்ப்போர், குதிரைமேல் கண்காணி. இங்கிலாந்தின் பல கிராமங்களில் அந்தக் காலத்தில் காலையில் சர்ச் மணி அடித்த பிறகுதான் பெண்கள் வயலில் இறங்கலாம், மாலை மணிக்கு ஏறிவிட வேண்டும். வயலில் ஒரே ஒரு கட்டு மட்டும் நின்றால், இன்னும் உத்தரவில்லை என்று பொருள். கடைசிக் கட்டு வரப்பேறட்டும் என்று ஆயா காத்திருந்ததுக்கு அங்கேயும் ஒரு அடையாளம் நட்டு வைத்திருந்தார்கள்.

அங்கே இது உரிமைதானா என்று கேட்டு நீதிமன்றத்துக்குப் போன வழக்கு ஒன்று உண்டு. சஃபோக் மாவட்டத்து டிம்வொர்த் கிராமத்தில் மேரி ஹௌட்டன் என்ற பெண் கதிர் பொறுக்கினாள். ஸ்டீல் என்ற விவசாயி அவள் குடும்பத்தின்மேல் வழக்குப் போட்டார். 1788-ல் தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகளில் மூன்று பேர், பொறுக்குவது உரிமை ஆகாது, நிலம் யாருடையதோ அதில் உதிர்ந்ததும் அவருடையதே என்றார்கள். மோசேயின் சட்டம் இங்கிலாந்தைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கௌல்ட் என்ற ஒருவர் மட்டும் வழக்கத்தின் பக்கம் நின்றார். டிம்வொர்த் எந்த எஸ்டேட்டில் இருந்தது என்று தேடிப் போனால் நமக்குத் தெரிந்த பெயர் வருகிறது: காரன்வாலிஸ். தீர்ப்பு வந்தபோது அவர் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல். ஐந்து வருஷம் கழித்து வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்து நிலத்துக்கு ஒற்றைச் சொந்தக்காரரை நிறுத்தியவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருக்குப் பெரிய பளிங்குச் சிலை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் அதன் எதிரில் நிற்பேன். தீர்ப்பு வந்தும் இங்கிலாந்துப் பெண்கள் பொறுக்குவதை விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

நம் பக்கத்தில் இது புண்ணியமாகவும் இருந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். 1017 என்று சொல்வார்கள். அவருடைய தலைமைச் சீடர் கூரத்தாழ்வான், காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பெரும் செல்வர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போய் உஞ்சவிருத்தியில் வாழ்ந்தார். மழை கொட்டிய ஒரு நாள் அதற்கும் போக முடியாமல் பட்டினி கிடந்தார் என்பது குருபரம்பரைக் கதை. உஞ்சவிருத்தி என்றால் வீதியில் பாடிக்கொண்டு அரிசி வாங்குவது என்று இன்று நினைக்கிறோம். சமஸ்கிருதத்தில் உஞ்சம் என்பது உதிர்ந்த மணியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. சிலம் என்பது கதிராகப் பொறுக்குவது. இந்த இரண்டாலும் பிழைப்பதை மனு 'ருதம்' என்கிறார். சத்தியத்துக்குச் சமமான சொல். அணுவைப் பற்றிச் சொன்ன கணாதருக்கும் மணியைத் தின்பவர் என்றுதான் பெயர். ஆக, படித்தவர் விரும்பிக் குனிந்தால் தவம். எங்கள் ஆயா வேறு வழியில்லாமல் குனிந்தால் அவள் பேத்தி பள்ளிக்கூடத்தில் வசை கேட்பாள். செயல் ஒன்றுதான், முதுகுதான் வேறு.

தொண்ணூறுகளில் நிலம் கைமாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-ல் அடிக்கல் போட்டு 1998-ல் சான்ட்ரோவை வெளியே விட்டது. எங்கள் பக்கம் கொஞ்சம் தாமதம். 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. சிப்காட் எடுத்த நிலத்துக்குப் பட்டாக்காரருக்கு நஷ்டஈடு வந்தது. அது போதுமா போதாதா என்ற சண்டை வேறு, அதற்குக் கோர்ட்டு உண்டு, வக்கீல் உண்டு. உதிர்ந்ததைப் பொறுக்கியவளுக்கு எந்தக் கோர்ட்டில் எந்தக் காகிதம்? 2013-ல் வந்த மத்திய நிலம் எடுப்புச் சட்டம், காட்டில் விளைபொருள் சேகரிப்பவரையும் மீன்பிடிப்பவரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக எண்ணுகிறது. விவசாயக் கூலியையும் எண்ணுகிறது. கழனியில் பொறுக்கியவருக்கு அதிலும் ஒரு வரி இல்லை; அதற்குள் எங்கள் பக்கத்துக் கழனி பெரும்பாலும் போயும்விட்டது.

மிஞ்சிய கழனிக்கு அறுப்பு மிஷின் வந்தது. மணிக்கணக்கில் வாடகை. மிஷின் உதிர்ப்பதில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே உதிர்க்கும். ஆனால் பொறுக்குகிற மாதிரி உதிர்க்காது. வைக்கோல் தூளோடு சிதறி, சங்கிலிச் சக்கரத்தின் கீழ் சேற்றில் அமுங்கிவிடும். கதிராகக் கிடைப்பது ஒன்றும் இல்லை. முதல் வருஷம் ஆயா பழக்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு மடியை உதறிக்கொண்டு வந்தாள். தனிப் பானையை அப்புறம் அம்மா உப்பு போட எடுத்துக்கொண்டாள்.

கம்பெனிகள் புதிதாக வந்தபோது இன்னொரு விதத்தில் பொறுக்க வழி இருந்தது. பெயர் வேண்டாம், ஒரு கம்பெனி மிஷின் இறக்கிய மரப்பெட்டிகளை உடைத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே போட்டது. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பைன் பலகை. காலனிப் பெண்கள் விறகுக்கு எடுத்தார்கள். ஆணியைப் பிடுங்கிவிட்டு பெஞ்சு, கோழிக்கூண்டு, அலமாரி என்று செய்தார்கள். பெட்டியில் அச்சிட்டிருந்த குடைப் படம் எங்கள் வீட்டு அலமாரியில் தலைகீழாக நெடுநாள் இருந்தது. ஆயா அந்தப் பலகைகளைப் பார்த்து, "இதுவும் அறுத்து முடிச்ச கழனிதான்" என்றாள். ஒரு வருஷமோ என்னவோ நடந்தது. பிறகு மரத்துக்கும் விலை உண்டு என்று கண்டுகொண்டார்கள். அட்டைப்பெட்டி, பேலட், பிளாஸ்டிக் டிரம், தகடு வெட்டிய மிச்சம், லேத்தில் சீவிய இரும்புச் சுருள், எல்லாம் எடைக்குப் போனது. அதை எடுக்கிற உரிமைக்கு ஸ்கிராப் காண்ட்ராக்ட் என்று பெயர் வந்தது. இந்தப் பகுதியில் அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன கனம் என்று செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கார் கம்பெனி வேலைக்கு நடந்த சண்டையைவிட, கார் கம்பெனி குப்பைக்கு நடந்த வெட்டுக்குத்து அதிகம். உதிர்ந்ததை எடுக்கிறவர் இப்போது வெள்ளைச் சட்டையும் இன்னோவாவுமாக வருகிறார். அவரை யாரும் பொறுக்கி என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

எங்கள் பள்ளியில் படித்துவிட்டு இந்தக் கம்பெனிகளுக்குப் போன பிள்ளைகள் பயிற்சி நோட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எல்லாவற்றிலும் 'ஃபைவ் எஸ்' என்ற பாடம் இருக்கும். ஜப்பானிய முறை, முதல் எஸ், தேவையில்லாததைப் பிரித்து அகற்று, மூன்றாவது எஸ், சுத்தம். தரையில் மஞ்சள் கோடு, கோட்டுக்குள் பெட்டி, பெட்டிக்குமேல் பெயர். ஒரு நட்டு கீழே கிடந்தால் ஆடிட்டில் மார்க்கு போகும். கிளீன் என்பதை எங்கள் வகுப்பு அன்று தப்பாகப் புரிந்துகொண்டது என்று இனிமேல் சொல்ல முடியாது. ஒரு கிளீன் நன்றாக நடந்த இடத்தில் இன்னொரு கிளீனுக்கு வேலை இல்லை.

அண்ணன் மகன் மண்ணூர் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'பிக்கர்' என்று போட்டிருக்கிறது. கையில் ஒரு ஸ்கேனர். அது எந்த வரிசை, எந்தத் தட்டு என்று சொல்லும். இவன் போய் எடுத்து வண்டியில் போட வேண்டும். மணிக்கு இத்தனை என்று இலக்கு. நடக்கிற தூரத்தைப் பற்றித்தான் எப்போதும் புலம்புவான். தமிழில் உன் வேலைக்கு என்ன பேர் தெரியுமா என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியும் அத்தை, பசங்க எல்லாம் அப்படித்தான் கூப்பிட்டுக்கறோம்" என்று சிரித்தான்.

"எடுக்கும்போது கீழ விழுந்துட்டா?"

"ஸ்கேன் பண்ணி டேமேஜ்னு போட்டுடணும். அதுக்குத் தனித் தொட்டி இருக்கு."

"பிஸ்கெட் பாக்கெட் ஓரம் நசுங்கினாக்கூடவா?"

"நசுங்கினாக்கூட. தொட்டி ரொம்பினா மொத்தமா ஏலத்துக்குப் போகும். நாங்க எடுத்தா வேலை போயிடும்."

ஷிப்டு முடிந்து வரும்போது கேட்டில் பையையும் டிபன் பாக்ஸையும் திறந்து காட்ட வேண்டுமாம். அவசரத்தில் திறந்து இரண்டு முறை சட்டையெல்லாம் குழம்பாகிவிட்டது. அதனால் இனிமேல் கெட்டியாகத் தயிர்ச்சாதம்தான் கட்ட வேண்டும் என்று அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.